வாய் திறந்து சொல்லாத பயணி

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நாயை மோட்டார் சைக்கிளில் ஏத்திக்கிட்டு லடாக் போனியாமே, அதைப் பத்திப் பேசேன்" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில் துறை, வங்கித் துறை என்று பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் நான் சொல்லப்போவது பயணக் கதையைவிட அதற்கு முந்தைய ஆறு மாத ஆயத்தத்தைப் பற்றித்தான். அந்த ஆறு மாதத்தில், இந்தக் கல்லூரியின் ஃபிட்டிங் ஷாப்பில் ராவிய இரும்பும் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் கேட்ட நெம்புகோல் விதியும் எனக்குத் துணைக்கு வந்தன.

நான் 1989-ல் மெக்கானிக்கல் முடித்து வெளியேறியவன். வேலை நிமித்தம் பல வருஷங்களாகச் சண்டிகர்வாசி. எங்கள் குடியிருப்பு வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டி ஒன்றை என் மனைவி வீட்டுக்குள் தூக்கி வந்தாள். மணி என்று பெயர். சாதாரணத் தெரு நாய், 14 கிலோ. பஞ்சாபில் பிறந்தும் தமிழ் மட்டும்தான் புரியும். தயிர் சாதம் சாப்பிடும்.

2022-ம் வருஷம், என்னோடு படித்த இரண்டு நண்பர்கள் சண்டிகர் வந்து, மூன்று பேருமாக லடாக் போவதென்று முடிவாயிற்று. என் மனைவி அதே சமயம் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போகவேண்டியிருந்தது. மணியைப் பழக்கமில்லாதவர்களிடம் மூன்று வாரம் விட மனமில்லை. "நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க போறீங்க, சரி. அது வரேன்னு சொல்லிச்சா?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்து வருகிற மனிதன், "குளிருது நிறுத்து", "தலை வலிக்குது திரும்பிடலாம்" என்று சொல்வான். நாய் சொல்லாது. எஜமான் போகிற இடமெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு வரும்; முடியாவிட்டாலும் வரும். அப்படியானால் அது சொல்லவேண்டிய "வேண்டாம்" என்ற சொல்லை யார் சொல்வது? அதை வண்டியிலும் பெட்டியிலும் திட்டத்திலும் முன்கூட்டியே நாம் எழுதி வைத்துவிட வேண்டும். ஆயத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் போனேன். இதயம், நுரையீரல் பரிசோதனை; வெறிநாய்க்கடித் தடுப்பூசி உட்பட எல்லா ஊசிகளும்; அதற்கான சான்றிதழ். எல்லா நாய்க்கும் இந்தப் பயணம் ஆகாது. வயதானவை, இதயக் கோளாறு உள்ளவை, பக் மாதிரி மூக்குச் சப்பையாக உள்ளவை, இவற்றுக்குச் சமவெளியிலேயே மூச்சு வாங்கும். மலைக்குக் கூட்டிப்போவது கொடுமை. மருத்துவர் இன்னொன்றும் அழுத்திச் சொன்னார்: நமக்கென்று வைத்திருக்கும் பாரசிட்டமால், ஐப்யூபுரூஃபன் மாத்திரைகளை அவசரத்துக்குக்கூட நாய்க்குக் கொடுக்கக்கூடாது, அவை அதற்கு நஞ்சு. மலை நோய்க்கு மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையையும் மருத்துவர் அளவு சொல்லாமல் தொடக்கூடாது. ஆகவே மணிக்கென்று தனி மருந்துப் பெட்டி, அவர் கையெழுத்தில் அளவுகளோடு.

அடுத்தது பெட்டி. என்னிடம் இருந்தது 411 சி.சி. ஹிமாலயன். ராயல் என்ஃபீல்டு நம் திருவொற்றியூரில் 1950-களில் வேர்விட்ட கம்பெனி என்பதில் நமக்கெல்லாம் ஒரு சொந்தப் பெருமை உண்டு. பார்த்தவர்கள் எல்லோரும், "பின்னாடி கேரியரில் பெட்டியை மாட்டு" என்றார்கள். மாணவர்களே, இங்கே ஒரு சின்னக் கணக்கு. இந்த வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே சுமார் 1,465 மில்லிமீட்டர். மணி 14 கிலோ, பெட்டி 6 கிலோ, மொத்தம் 20. அதைப் பின் அச்சுக்கு 300 மில்லிமீட்டர் பின்னால் வைத்தால், முன் சக்கரத்திலிருந்து நாலு கிலோ பாரம் தூக்கப்படும். பின்னிருக்கையில், அச்சுக்கு 200 மில்லிமீட்டர் முன்னால் வைத்தால், முன் சக்கரத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பாரம் கூடும். நாலு கிலோ என்ன பெரிசு என்று தோன்றும். சரளைக் கல்லில், ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் தரையைப் பிடிக்காமல் மிதக்கும்போது தெரியும். போதாததற்கு இந்தப் பாரம் சும்மா இருக்கிற பாரம் இல்லை. எருமையைப் பார்த்தால் எழுந்து நிற்கிற பாரம். ஆகவே பெட்டி, ஓர் ஆளைச் சுமக்கவென்றே செய்யப்பட்ட பின்னிருக்கையின் மேல், என் முதுகை ஒட்டி வந்தது.

அடியில் பிளைவுட், அதன்மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு, சுற்றிலும் இரும்புக் குழாய்ச் சட்டம், உள்ளே கனமான ஃபோம். முன்பக்கமும் பக்கங்களும் மூடி, மேலே பாதி திறந்து. வண்டி சாய்ந்து விழுந்தால் ஹேண்டில்பாரும் கிராஷ் கார்டும் பெட்டியின் சட்டமும் தரையில் படவேண்டுமே தவிர நாயின் உடம்பு படக்கூடாது. அதற்காகச் சட்டத்தை இருபுறமும் வளைத்து வெளியே தள்ளிவிட்டேன். சைலன்ஸர் வலது பக்கம். அதன் சூடு அடிப்பலகைக்கு ஏறாதபடி நடுவே ஒரு தகரத் தடுப்பு.

கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது. குலுங்கி வெளியே விழுந்தால் அது தூக்குக் கயிறு. நெஞ்சைச் சுற்றி வரும் வார்ப்பட்டை போட்டு, இரண்டு பக்கமும் குட்டையான கயிறு. எழுந்து நிற்கலாம், படுக்கலாம், திரும்பலாம். வெளியே தாவ முடியாது. கொக்கி, கையுறை போட்ட கையாலும் ஒரே இழுப்பில் கழலவேண்டும்.

எல்லாம் செய்தபிறகு மணியை ஏற்றவில்லை. 14 கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். காலி மைதானத்தில் வண்டியை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை சாய்த்துப் போட்டேன். பக்கத்து வீட்டு சர்தார்ஜி, எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார். இடப்பக்கம் விழுந்தபோது அடிப்பலகையில் ஒரு போல்ட் பிளைவுட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அகலமான வாஷர் கொடுத்து, அடியில் இரும்புப் பட்டை வைத்து இறுக்கி, மறுபடி இரண்டு தடவை போட்டேன். பிடித்தது. அரிசி மூட்டை கற்றுக்கொடுக்க வேண்டியதை நாய் கற்றுக்கொடுக்கும்படி விடக்கூடாது.

பிறகு மணியின் பாடம். பெட்டியை முதலில் வண்டியில் மாட்டாமல் கூடத்திலேயே வைத்தேன். இரண்டு வாரம் அதற்குள்தான் சாப்பாடு. அப்புறம் இன்ஜின் சத்தம் தூரத்தில், பிறகு பக்கத்தில். அப்புறம் பெட்டி வண்டியில், வண்டி நின்றபடி. ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு மரப்படி. பிறகு தெருக்கோடி வரை, 10 கி.மீ., 50 கி.மீ. மூன்று மாதம் ஆயிற்று. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டியதும் முதலில் தூக்கி எறிந்தது. பிஸ்கட் லஞ்சம் கொடுத்து ஐந்து விநாடி, பத்து விநாடி என்று ஏற்றினேன். மலையில் தூசியும் பனியின் கூசும் வெளிச்சமும் இருக்கிறதே, அது இல்லாமல் முடியாது.

இந்தப் பாடத்தில் நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றுண்டு. மணியைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கமாட்டேன். மரப்படியைப் போடுவேன்; அதுவாக ஏறவேண்டும். ஏறாத நாளில் வண்டி கிளம்பாது. பேச முடியாத ஜீவனுக்கு வேறு எப்படி ஓட்டுரிமை கொடுப்பது?

வண்டி விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். புது டயர், டியூப், பிரேக் பேட், செயின். ஸ்போக்ஸ் எல்லாம் தட்டிப் பார்த்து இறுக்கியது. பின் சஸ்பென்ஷனை ஆளும் பாரமும் சேர்ந்த கணக்குக்குக் கெட்டியாக்கி, ஹெட்லைட்டைத் தாழ்த்தியது. இன்னொரு கிளட்ச் ஒயரைப் பழைய ஒயரின் கூடவே இழுத்துக் கட்டி வைத்தேன். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றினால் போதும். பஞ்சர் கிட், காற்றடிக்கிற பம்பு, ஃப்யூஸ், ஸ்பார்க் பிளக். சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நாய் உள்ளே திரும்பினால் வண்டி சாயும். அதனால் நின்றால் சென்டர் ஸ்டாண்டு, மண் இளகலாக இருந்தால் அதற்கடியில் ஒரு பலகைத் துண்டு.

பெட்ரோல் கணக்கு: டாண்டி என்ற இடத்திலுள்ள பம்பில், அடுத்த பம்பு 365 கி.மீ. தள்ளி என்று ஒரு பலகை பிரசித்தம். டேங்கு 15 லிட்டர். மலையில் லிட்டருக்கு 25 கி.மீ. என்று வைத்தால் 375. பத்து கிலோமீட்டர் மிச்சத்தை நம்பி ஒரு ஜீவனை அழைத்துப்போக முடியாது. ஆகவே 5 லிட்டர் கூடுதலாக இரும்பு டின்னில். டின்னை விளிம்புவரை நிரப்பக்கூடாது. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து டின் உப்பும், மூடியைத் திறந்தால் பீச்சியடிக்கும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு, சைலன்ஸர் இல்லாத இடது பக்கம், நாயின் மூக்குக்கு எட்டாத தாழ்வில் கட்டினேன்.

இனி மிக முக்கியமான விஷயம், பாதை. மணாலி வழியாகப் போவது நேர்வழி. ஆனால் மணாலி சுமார் 2,050 மீட்டர், கேலாங் 3,080, அடுத்த இரவு சர்ச்சு சுமார் 4,290. ஒரே நாளில் 1,200 மீட்டர் ஏறித் தூங்குவது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். நாயின் நுரையீரலும் நம் நுரையீரல் மாதிரிதான். சுமார் 5,300 மீட்டரில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இன்ஜினுக்கு அதைக் கண்டுபிடித்து பெட்ரோலைக் குறைக்க ஒரு சென்சார் இருக்கிறது. நாய்க்கு நாம்தான் சென்சார்.

எனவே ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடம்பு பழகியபின் மணாலி வழியாக இறங்குவது என்று தீர்மானித்தோம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். சோனமார்க் சுமார் 2,700. ஜோஜி லா கணவாயை 3,528-ல் கடந்து மறுபடி கார்கிலுக்கு 2,676-க்கு இறக்கம், அங்கே இரண்டு இரவு. பிறகு லாமாயுரு, அப்புறம் லே, 3,500. சுற்றுத்தான், நாளும் கூடத்தான். நண்பர்கள் முணுமுணுத்தார்கள். "நாய்க்காகவாடா?" என்றார்கள். எங்கள் மூன்று பேருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது என்பதை ஞாபகப்படுத்தினேன். அப்புறம் பேச்சில்லை.

கிளம்பு முன் ஒரு அட்டையில் சில வரிகள் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, டேங்கு பையின் கண்ணாடித் தாளுக்குள் வைத்தோம். மணி தானாகப் பெட்டியில் ஏறாவிட்டால் பயணம் இல்லை. பிடித்த தீனியை இரண்டு தடவை தொடர்ந்து மறுத்தால் உடனே கீழே இறங்கவேண்டும். இருமல், வாந்தி, தள்ளாட்டம், ஈறு வெளுப்பது அல்லது நீலமாவது, இதில் எது வந்தாலும் விவாதம் இல்லை, இறங்கு. மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்து, தண்ணீர் கொடு. பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு. கயிற்றை எங்கேயும் அவிழ்க்காதே.

கடைசி விதி மணிக்காக மட்டும் அல்ல. சாங்தாங் சமவெளியில் கியாங் என்கிற காட்டுக் கழுதைகள் மேய்கின்றன; கருங்கழுத்துக் கொக்குகள் தரையில் கூடு கட்டுகின்றன. கட்டவிழ்ந்து திரியும் நாய்கள் அந்தக் கொக்குகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் அங்கே பெரிய ஆபத்தாகிவிட்டன. இடையர்களின் ஆட்டு மந்தைகள் வேறு. நம் செல்லம் அடுத்தவன் வீட்டில் வேட்டை நாய்.

2022 செப்டம்பரில் கிளம்பினோம். லே வரை குறையொன்றும் இல்லை. மணி தினமும் காலையில் நான் படியைப் போடுமுன்பே வந்து நின்றது. பாதத்துக்குத் தடவக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து, அதைச் சுரண்டித் தின்பதில் அதற்கு ஒரு ருசி கண்டுவிட்டது. லேயில் மூன்று நாள் ஓய்வு. நாலாம் நாள் கர்துங் லா கணவாய் போய்வருவது என்று திட்டம். 5,359 மீட்டர், லேயிலிருந்து சுமார் 39 கி.மீ. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற எவனுக்கும் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை இருக்கும். எனக்கு முப்பது வருஷ ஆசை.

24-வது கிலோமீட்டரில் தெற்குப் புல்லு சோதனைச் சாவடி. நிறுத்தி, மணிக்கு பிஸ்கட் நீட்டினேன். முகர்ந்தது; முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் குடித்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி நீட்டினேன். மறுபடி திருப்பிக்கொண்டது. மற்றபடி ஒன்றுமில்லை. இருமல் இல்லை, தள்ளாட்டம் இல்லை, ஈறு சிவப்பாகவே இருந்தது. வாலைக்கூட ஆட்டியது. வெயில் பளிச்சென்று அடிக்க, கணவாய் இன்னும் 15 கி.மீ. "அரை மணி நேரம்தாண்டா, போட்டோ எடுத்துட்டு உடனே இறங்கிடலாம்" என்று ஒருவன் சொன்னான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு வக்கீல் எழுந்து அதையே வாதாடினான்.

அட்டை கண்முன்னால் இருந்தது. அதில் "போட்டோ எடுத்துவிட்டு" என்று எங்கேயும் எழுதவில்லை.

நண்பர்களை மேலே அனுப்பிவிட்டு நான் வண்டியைத் திருப்பினேன். லேயில் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, மணி ஒரு கிண்ணம் சாதத்தைச் சுத்தமாக நக்கித் தீர்த்தது. அங்குள்ள கால்நடை மருத்துவமனையில் காட்டினேன். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, உயரத்தின் ஆரம்ப அறிகுறியாக இருந்திருக்கலாம், வெறும் பசியின்மையாகவும் இருந்திருக்கலாம், இறங்கியது நல்லது என்றார்கள். நான் திரும்பியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வதற்கு ஒரே வழி மேலே போய்ப் பார்ப்பது. அந்தப் பரீட்சையை எழுதவேண்டியது நானல்ல, மணி.

மேலும் ஐந்து நாள் லேயில் தங்கினோம். மணி முழுசாகத் தேறி, ஒருநாளும் சாப்பாட்டை மறுக்கவில்லை என்றான பிறகே மணாலிப் பாதையில் கிளம்பினோம். முதல் நாள் மறுத்தால் திரும்பி வந்து ஸ்ரீநகர் வழியே இறங்குவதற்கு நாளும் பணமும் ஒதுக்கி வைத்திருந்தோம். தங்லாங் லா, 5,328 மீட்டர். முதல் கியரில் இன்ஜின் முக்கி முனகி ஏறியது. மேலே நிறுத்தி பிஸ்கட் நீட்டினேன். கையோடு சேர்த்துப் பிடுங்கிற்று. இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். பாங், கட்டா லூப்ஸின் 21 வளைவுகள், சர்ச்சுவில் ஒரு இரவு. நானும் மணியும் ஒரே போர்வைக்குள். மறுநாள் பாரலாச்சா லா கடந்து, டாண்டியில் பெட்ரோல் போட்டு, 2020-ல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கம் வழியாக மணாலி. இரும்பு டின்னில் ஒன்றரை லிட்டர் மிச்சம் இருந்தது. அந்த ஒன்றரை லிட்டரைப் பார்க்க எனக்கு இருந்த திருப்தி, எந்தக் கணவாயைப் பார்த்தும் இருக்கவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நாளைக்குப் பாலம் கட்டுவீர்கள், மிஷின் செய்வீர்கள், புரோகிராம் எழுதுவீர்கள். நீங்கள் செய்வதை நம்பிப் பின்னால் ஏறி உட்காரப்போகிறவர்களில் பலருக்கு உங்களிடம் வந்து "இது எனக்கு ஆகலை" என்று சொல்ல வாய்ப்பே கிடைக்காது. சிலருக்குச் சொல்லத் தெரியாது. சிலர் உங்கள்மேல் இருக்கிற பிரியத்தால் சொல்லமாட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அவர்களுக்காக வீட்டில், தெளிவான புத்தியோடு, காகிதத்தில் எழுதி வையுங்கள். கணவாய்க்கு 15 கி.மீ. கீழே நின்றுகொண்டு எழுதினால் கை நடுங்கும்.

இந்த வருஷம் மணி கொஞ்சம் வயதாகி, பெட்டிப் பயணத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டது. படியைப் போட்டால் சில நாள் ஏறும். சில நாள் என்னைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்றைக்கு நானும் சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறேன்.